இருபது மில்லிகிராம் சுத்தம்

ஒரு டன் மண்ணைக் குவித்து வைத்து, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் இருபதை அதன்மேல் உடைத்துக் கொட்டி, மண்வெட்டியால் நன்றாகக் கலக்கினால் கிடைப்பது என்ன? "விஷ மண்" என்று எழுதினால் மார்க் கிடையாது. கொடைக்கானல் கணக்குப்படி சரியான விடை: சுத்தமான மண்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு தெர்மாமீட்டருக்குள் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். இருபது என்றால் 10 முதல் 20 கிராம். செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த பழைய தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணைச் சுத்தம் செய்ய ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதாவது டன்னுக்கு 20 கிராம். அதற்குக் கீழே இருந்தால் அந்த மண்ணைத் தொட வேண்டியதில்லை. மாசுபடாத மண்ணில் இயற்கையாகவே இருக்கும் பாதரசம் பெரும்பாலும் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைக்கூட எட்டாது.

இந்த 20 என்ற எண் கூடுதலா குறைவா என்றுதான் இத்தனை வருடமாகச் சண்டை. ஆனால் சண்டையே பாதிதான் நடந்திருக்கிறது. கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எல்லோரும் கேட்டார்கள். எந்த மண்ணில் ஒரு கிலோ என்று கேட்டவர்கள் குறைவு. மணல் மேட்டில் 20 மில்லிகிராமும், பாம்பார் சோலையின் கறுத்த இலைமட்கில் 20 மில்லிகிராமும் ஒரே சங்கதி இல்லை. அதை ஒரே எண்ணால் அளக்கலாம் என்று நினைப்பதில்தான் கோளாறே இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் கழற்றப்பட்டு, கப்பலேறி, 1983-ல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. முதலில் பாண்ட்ஸ் பெயரில். 1987-ல் யூனிலீவர் அதன் தாய்க் கம்பெனியை வாங்கியது, 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. (2007-லிருந்து அதன் பெயர் ஹிந்துஸ்தான் யூனிலீவர்.) பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும். மலைக்கு மிச்சம், உடைந்த கண்ணாடியும் ஆவியும். 2001 மார்ச் 7 அன்று மூஞ்சிக்கல் பழைய சாமான் கடை ஒன்றில் டன் கணக்கில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் கழகமும் கிரீன்பீஸும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு பேரல்களில் அடைக்கப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. குப்பையைப் பெற்றவன் தலையிலேயே கட்டிய சம்பவம் இந்தியாவில் அபூர்வம், அந்த வகையில் ஒரு சபாஷ்.

2015-ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் வீடியோ இணையத்தில் தீயாகப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 2018-ல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து இன்னொரு பாட்டு வந்தது. ஆட்களின் விஷயம் பதினைந்து வருடம் இழுத்தாவது ஏதோ ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. மண்ணுக்கு யூனியன் கிடையாது. அதன் சார்பில் பேசியது அந்த ஓர் எண் மட்டும்தான்.

இப்போது மண்ணுக்கு வருவோம்.

மண்ணில் விழும் நஞ்சு எங்கே போகும் என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. நஞ்சுக்கு எது பிடிக்கும்? மண்ணில் அது இருக்கிறதா? டிடிடி, எண்டோசல்ஃபான் மாதிரியான கரிம நஞ்சுகளுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. வீட்டில் குழம்பு கொதிக்கும்போது மிளகாயின் சிவப்பு தண்ணீரை விட்டு மேலே மிதக்கும் எண்ணெயோடு போய்ச் சேர்ந்துகொள்கிறதே, அதே கதைதான். மண்ணில் அந்த எண்ணெயின் வேலையைச் செய்வது மட்கு, அதாவது செத்த இலையும் வேரும் மக்கிக் கிடக்கும் கரிமப் பொருள். மட்கு நிறைய இருந்தால் நஞ்சு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பெரியகுளம், வத்தலக்குண்டு பக்கத்துச் செம்மண் மாதிரி மட்கு குறைந்த மண்ணில் பிடிமானம் குறையும்.

எல்லா நஞ்சும் இப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மானோகுரோட்டோபாஸ் தண்ணீரோடு தண்ணீராக ஓடிவிடும் ரகம், மட்கு இருந்தும் அதற்குப் பெரிய கடிவாளம் இல்லை. கிளைபோசேட் மட்கைவிட்டுவிட்டு, செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கும் இரும்பு ஆக்சைடையும் அலுமினிய ஆக்சைடையும் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆக, "நல்ல மண் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசினால் அது ஜோசியம். எந்த நஞ்சு, எந்த மண் என்று ஜோடி சேர்த்துத்தான் பேச முடியும்.

பாதரசம் இந்த ஆட்டத்தில் பல வேஷக்காரன். ஆலையில் அது உலோகம், வெள்ளிக் குண்டு மாதிரி உருளும், சாதாரணக் குளிரிலேயே ஆவியாகும். காற்றிலும் மண்ணிலும் அதில் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் பெற்று மின்னூட்டம் உள்ள அயனியாக மாறும். அந்த அயனிக்குக் கந்தகம் என்றால் உயிர். மட்கில் கந்தகம் கொண்ட தயோல் என்ற தொகுதிகள் உண்டு, மண்ணில் பாதரசத்தை அதுபோல இறுக்கிப் பிடிக்கும் ஆள் வேறு யாருமில்லை எனலாம். களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் அடுத்த வரிசைதான். மூன்றாவது வேஷம்தான் மோசமானது. ஆக்சிஜன் எட்டாத ஈரச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தோடு ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டிவிடும். மீத்தைல் பாதரசம். கரிம நஞ்சு. மினமாட்டாவில் மீன் வழியாக மனிதர்களின் நரம்பைத் தின்றது இதுவேதான்.

பழனி மலையின் மேல்தட்டு எப்படிப்பட்டது? 2000 மீட்டருக்கு மேலே, குளிர், வருடத்துக்கு 1600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, சார்னோகைட் பாறை, அதன்மேல் அமிலத்தன்மை கொண்ட மண். குளிரில் இலை மக்குவது மெதுவாக நடக்கும். அதனால் சோலைக்குள் தரை ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் இதே ஸ்பாஞ்சுதான். ஆலை நின்ற இடம் இப்படிப்பட்ட ஒரு சோலையின் விளிம்பு. கீழே பாம்பார் சோலை, அங்கிருந்து பாம்பார் ஓடை, அது விழும் இடம் கும்பக்கரை அருவி, பிறகு வைகைப் படுகை.

பாதரசத்தை இறுக்கிப் பிடிக்கும் பொருள் உலகத்தில் எங்கே மெத்தையாகக் கிடக்கிறதோ, அதன் தலைமாட்டில் கொண்டுபோய் ஒரு பாதரச ஆலையை வைத்திருக்கிறார்கள். ஆவி சன்னல் வழியே போகும், மர இலைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், இலை உதிரும், மக்கும், பாதரசம் மட்கோடு சேரும். இது எல்லாக் காடுகளிலும் நடக்கிற இயற்கைச் சுழற்சிதான். ஆனால் எல்லாக் காட்டுக்கும் பக்கத்தில் தெர்மாமீட்டர் ஆலை கிடையாது. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தார் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஆலைக்கு வெளியே காற்றில் கன மீட்டருக்கு 1.32 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. சாதாரணக் காற்றில் இருப்பது ஒன்றரை, இரண்டு நானோகிராம். பல நூறு மடங்கு.

கம்பெனித் தரப்பு வாதத்தின் நடுத்தூண் இங்கேதான் நிற்கிறது. மண்ணோடு இறுகப் பிணைந்த பாதரசம் உடம்புக்குள் எளிதில் போகாது, நிலத்தடி நீருக்கும் எளிதில் இறங்காது, எனவே 20 மில்லிகிராம் இருந்தாலும் ஆபத்துக் குறைவு. இதை அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. வேதியியல்படி முதல் பாதி உண்மை. அதனால்தான் கோபம் வருகிறது. உண்மையின் முதல் பாதியை வைத்துக்கொண்டு வீட்டைக் கட்டி, இரண்டாம் பாதியைச் சரிவில் உருட்டிவிட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் பாதி இதுதான். மட்கு பாதரசத்தைப் பிடித்துக்கொள்கிறது, சரி. மட்கை யார் பிடித்துக்கொள்வது? சமவெளியில் பிணைந்த நஞ்சு கிடந்த இடத்தில் கிடக்கும். இது மலைச்சரிவு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நின்று அடிக்கும்போது முதலில் கரைந்து போவது கனமான மணல் இல்லை, இலேசான மட்கும் நுண்களியும். பாதரசம் எதோடு ஒட்டியிருக்கிறதோ அதுவேதான் முதலில் பஸ் ஏறுகிறது. போதாக்குறைக்கு மட்கின் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து, டீ டிகாக்‌ஷன் மாதிரிப் பழுப்பு நீராக ஓடும். அது தன் கந்தகப் பிடியை விடாமல் பாதரசத்தையும் கூட்டிக்கொண்டு போகும். காட்டு ஓடைகளில் பாதரசம் பயணம் செய்வது பெரும்பாலும் இந்தப் பழுப்பு வண்டியில்தான் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். கால்வலிக்கு வைத்தியம் கேட்டால், கால் உடம்போடு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன மாதிரி இருக்கிறது "பிணைந்திருக்கிறது" என்ற பதில்.

இன்னொன்று நெருப்பு. பிப்ரவரி முதல் மே வரை கொடைக்கானல் மலையில் காட்டுத்தீ செய்தி வராத வருடம் அரிது. பைன், யூகலிப்டஸ், வேட்டல் என்று அந்நிய மரங்களை நட்டு வைத்த புண்ணியமும் அதில் கொஞ்சம் உண்டு. தரையில் கிடக்கும் இலைமட்கு எரிந்தால், பத்து இருபது வருடமாக அதில் சேர்ந்த பாதரசம் மறுபடி ஆவியாகிக் கிளம்பிவிடும். மண் ஒரு பெட்டகம் என்றால், இது தீப்பிடிக்கக்கூடிய பெட்டகம்.

மூன்றாவது, சேறு. அதே ஆய்வகத்தார் 2006-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, மலையின் மூன்று ஏரிகளை ஒப்பிட்டது. கொடை ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம். பேரிஜம், கூக்கால் ஏரிகளில் அதைவிட வெகு குறைவு. அதைவிட முக்கியமான எண் வேறு: வண்டலில் இருந்த மொத்தப் பாதரசத்தில் மீத்தைல் வேஷம் போட்டது கொடை ஏரியில் ஏறக்குறைய 6 சதவீதம், பேரிஜத்தில் 3-4, கூக்காலில் 2. கொடை ஏரி இருப்பது ஆலைக்கு வடக்கே. பாம்பார் வழிவது தெற்கே. ஒரே ஆலை இரண்டு பக்கத்துக்கும் பங்கு வைத்திருக்கிறது. படகில் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். பிரச்சினை மீனில். மீத்தைல் வடிவம் சின்ன உயிரிலிருந்து பெரிய உயிருக்குப் போகப் போகச் செறிவு கூடிக்கொண்டே போகும்.

இப்போது அந்த எண்ணைத் திரும்பப் பார்க்கலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று சொல்லும்போது மேலே சொன்ன மூன்று வேஷங்களில் எது 20? மொத்தமும் சேர்த்து. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் ஏஜென்சி 2009-ல் குடியிருப்பு நிலத்துக்கு வெளியிட்ட வழிகாட்டி அளவுகள் ஒன்றல்ல, மூன்று: உலோகப் பாதரசம் 1, மீத்தைல் பாதரசம் 11, கனிமப் பாதரசம் 170. கொடைக்கானலுக்காகப் போராடியவர்கள் "இங்கிலாந்தில் 1, இங்கே 20-ஆ?" என்று கேட்டார்கள். கேள்வி சூடானதுதான், ஆலையில் இருந்ததும் உலோகப் பாதரசம்தான். ஆனால் அதே அட்டவணையில் 170-ம் இருக்கிறது, எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? முதலில் பேசப்பட்ட 10 மில்லிகிராம் நெதர்லாந்தின் பழைய அளவு. அவர்களும் பிறகு அதைப் பிரித்துவிட்டார்கள், கனிமத்துக்கு 36, கரிமத்துக்கு 4. கனடா குடியிருப்புக்கும் விவசாயத்துக்கும் கனிமப் பாதரசம் 6.6 என்கிறது. இவற்றில் ஒன்றை உருவிக் கொடைக்கானலில் நட முடியாது. மற்றவர்கள் நஞ்சின் வடிவத்தையும் நிலத்தின் உபயோகத்தையும் பார்த்துப் பிரித்து எழுதுகிறார்கள் என்பதுதான் இதில் கற்க வேண்டியது. இங்கே ஆலைக் கட்டடத்தின் அடியில் உலோகத் துளியாக இருப்பதும், சோலையோரத்தில் மட்கில் பிணைந்திருப்பதும், ஓடைச் சேற்றில் மீத்தைலாக மாறுவதும் ஒரே வாளியில் போட்டுக் கலக்கப்பட்டு 20 என்று வந்திருக்கிறது.

"இது இந்த இடத்துக்கென்றே கணக்கிட்ட அளவு" என்று பதில் வரும். வந்தது. அந்த இடத்தில் மனிதர்கள் குடியிருந்தால், மண் கையில் பட்டால், தூசி மூக்கில் ஏறினால் எவ்வளவு ஆபத்து என்பது மாதிரியான ஆபத்துக் கணக்கு அது. எதிர்த்தவர்களின் ஆட்சேபமும் அதுவே: வளாகத்துக்குள் நிற்கும் மனிதருக்குக் கணக்குப் போட்டார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோலைக்கும் ஓடைக்கும் மீனுக்கும் போடவில்லை. அந்த இடத்தின் மிகப் பெரிய விசேஷமே அது ஒரு சோலையின் மேல் விளிம்பு என்பது. அதை விட்டுவிட்டு "இடத்துக்கேற்ற" என்று பெயர் வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறையையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மண்ணைக் கழுவிச் சலித்துப் பிரிப்பார்கள். மணலும் சரளையும் ஒரு பக்கம், நுண்துகளும் மட்கும் ஒரு பக்கம். பாதரசம் இரண்டாவதில் சேர்ந்திருக்கும் என்பதால் அதை மட்டும் சூடாக்கி, பாதரசத்தை ஆவியாக்கிப் பிடிப்பார்கள். புத்திசாலித்தனமான முறைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கவனியுங்கள்: இந்த முறையே நஞ்சு மட்கிலும் நுண்களியிலும்தான் இருக்கிறது என்ற அறிவின் மேல் கட்டப்பட்டது. இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கிற விஷயம், அளவு நிர்ணயித்த காகிதத்துக்குத் தெரியவில்லை. சூடாக்கி வெளியே வருவதை மண் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். மட்கு எரிந்து, உயிர் செத்து, தண்ணீர் பிடிக்காத பொடி. அதைச் சரிவில் கொட்டினால் அடுத்த மழைக்கு எவ்வளவு நிற்கும்?

நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. 20-ஐ 10 ஆக்கினால், 5 ஆக்கினால், தோண்ட வேண்டிய பரப்பு கூடும். மரங்கள் விழும், வேர் போனால் சரிவு நகரும், பாதரசத்தை எடுக்கப் போய் மொத்தச் சரிவையும் ஓடைக்கு அனுப்பிய கதையாகும். இது நிஜமான கவலை. சோலை மண் உருவாக எத்தனை நூற்றாண்டு ஆகும் என்று தெரிந்தவர்கள் யாரும் ஜேசிபியைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க மாட்டார்கள். சில இடங்களில் தோண்டாமல் விடுவதே குறைந்த தீமையாக இருக்கலாம். அப்படியானால் அதை அப்படியே சொல்ல வேண்டும்: "இங்கே நஞ்சு இருக்கிறது, எடுத்தால் இன்னும் கெடும், அதனால் விட்டுவைக்கிறோம், காவல் காக்கிறோம்." விட்டுவைத்ததற்குச் "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுப்பது வேறு. முன்னதில் கம்பெனிக்குப் பல பத்தாண்டுப் பொறுப்பு இருக்கிறது. பின்னதில் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பலாம். ஒரு எண்ணுக்காக இத்தனை வருடம் வக்கீல் வைத்து வாதாடியது ஏன் என்பது இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

ஆலையோடு முடிகிற விஷயமும் இல்லை இது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டி பக்கம் படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளையும் கேரட்டும் முட்டைக்கோஸும் விளைகிறது. அங்கே தெளிக்கும் மருந்துக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் தெளிக்கும் மருந்துக்கும் டப்பாவில் ஒரே சீட்டு, ஒரே அளவு, ஒரே காத்திருப்பு நாள். குளிரில் நுண்ணுயிர் வேலை மந்தம், ஆவியாவதும் மந்தம், மட்கு வேறு பிடித்து வைக்கிறது. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நிறுத்திவிட்டது. நிறுத்தியது விற்பனையை. மண் அந்த உத்தரவைப் படிப்பதில்லை, மட்கு பிடித்ததைத் தன் வேகத்தில்தான் விடும். மலைக்கென்று தனியாக மண்ணைச் சோதித்து அளவு சொல்வதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

பாம்பார் விஷயத்தில் கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஆலைக்குக் கீழே, சோலைக்குள், கும்பக்கரைக்கு மேலே என்று மூன்று இடத்தில் ஓடை வண்டலை எடுக்க வேண்டும். மொத்தப் பாதரசம் தனியாக, மீத்தைல் தனியாக, மண்ணின் கரிம அளவு பக்கத்திலேயே. மீன் கிடைத்தால் மீனிலும். காட்டுத்தீ வந்த வருடம் காற்றிலும். எடுப்பது கம்பெனியிடம் சம்பளம் வாங்காத ஆய்வகமாகவும், செலவு கம்பெனியுடையதாகவும் இருக்க வேண்டும். முடிவு தமிழில், கொடைக்கானல் நகராட்சிச் சுவரிலும் பெரியகுளத்திலும் ஒட்டப்பட வேண்டும், ஏனென்றால் அந்த மட்கு கடைசியில் போய்ச் சேரும் ஊர் மலைமேல் இல்லை.